ஒரே துப்பாக்கி, ரெண்டு வேலை: மலிவான தோட்டா தேடும் அமெரிக்கர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பிஜிஎம்ஐ விளையாடும் யாரையாவது தூக்கத்தில் எழுப்பி, ‘எம்416-க்கு எந்த அம்மோ?’ என்று கேளுங்கள். ‘5.56’ என்று பதில் வரும். ஏகேஎம்-க்கு 7.62. கார்98கே-வுக்கும் அதே 7.62. தரையில் கிடப்பதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். காசு, பணம் எதுவும் கிடையாது.

நிஜத்தில் ஏகேஎம்-மின் தோட்டா கார்98கே-வுக்குப் பொருந்தாது. முன்னது 7.62×39, பின்னது 7.92×57. இரண்டும் வேறு வேறு அளவு, வேறு வேறு உறை. அதைவிட முக்கியம், நிஜத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் புதிதாக ரைஃபிள் வாங்கப் போகும் ஒருவர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடைக்குப் போகும் அவர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: “ரேஞ்சுல டார்கெட் சுட்டுப் பழகவும் வேணும், நவம்பர்ல மான் வேட்டைக்கும் ஆகணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. எந்த காலிபர் வாங்கலாம்?”

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால், கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. காகிதத்தைச் சுடும் செலவும் மானைச் சுடும் செலவும் ஒரே கணக்கில் வராது. இரண்டையும் ஒரே துப்பாக்கியில் அடக்கப் பார்ப்பவர், பழகுவதற்கு அதிகமாகச் செலவழிக்கிறார், அல்லது பழகாமலேயே காட்டுக்குப் போகிறார். பின்னதுதான் அதிகம் நடக்கிறது. அதன் விலையைக் கொடுப்பது மான்.

‘இந்தியாவில்தான் வேட்டையே கிடையாதே, இது நமக்கு எதுக்கு?’ என்று தோன்றலாம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை குற்றம்தான். அமெரிக்காவில் அது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து நடக்கும் சட்டபூர்வமான விஷயம். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள்களுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. வேட்டையே பிடிக்காதவர்கள்கூட, எந்தத் தோட்டாவால் சுடுகிறார்கள் என்பதில் அக்கறை காட்டக் காரணம் உண்டு. அது கடைசியில் ஓர் உயிர் எப்படிச் சாகிறது என்ற கேள்வி.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவார்கள்

காலிபர் என்பது, எளிமையாகச் சொன்னால், துப்பாக்கிக் குழலின் உள் விட்டம். .22 என்றால் அங்குலத்தில் 0.22. மில்லிமீட்டரில் சுமார் 5.6. அவ்வளவுதான். அந்தக் குண்டின் எடை என்ன, பின்னால் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது, எந்த வேகத்தில் போகும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

.22 எல்.ஆர். என்ற தோட்டாவையும் .223 ரெமிங்டன் என்ற தோட்டாவையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் குண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். முன்னது சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருக்கும் குட்டித் தோட்டா, 1887-ல் வந்தது. பின்னது 1964-ல் வந்தது. கேமில் வரும் 5.56-ன் ஒட்டிப் பிறந்த தம்பி. குழலைவிட்டு வெளியேறும்போது .22 எல்.ஆரின் ஆற்றல் பொதுவாக 190 ஜூல் அளவில் இருக்கும். .223-ன் ஆற்றல் சுமார் 1,740 ஜூல். தடிமன் ஒன்று, ஆற்றல் ஒன்பது மடங்கு.

விலையும் அப்படித்தான் எகிறும். சமீப ஆண்டுகளின் கடை விலைப்படி, மொத்தமாக வாங்கினால் சாதாரண .22 எல்.ஆர். தோட்டா ஒன்று 8 சென்ட் அளவில் கிடைக்கும். .223 என்றால் 50 சென்ட். .308 வின்செஸ்டரில் பழகுவதற்கான மலிவு ரகமே ஒரு டாலரை நெருங்கும். வேட்டைக்கான நல்ல ரகம் 2 டாலர்.

இப்போது கணக்கு. வாரத்துக்கு 100 தோட்டா சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரேஞ்சில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நின்றால் அவ்வளவு போய்விடும். வருஷத்துக்கு 50 வாரம், 5,000 தோட்டா. .22 என்றால் 400 டாலர். .223 என்றால் 2,500 டாலர். .308 என்றால் 5,000 டாலர்.

400 டாலருக்கு ஒரு புது ரைஃபிளே வாங்கிவிடலாம். ஆக, ‘ரெண்டு துப்பாக்கி வாங்கக் காசு இல்லை, அதனால ஒண்ணே போதும்’ என்பவர், சில மாதத்திலேயே இரண்டாவது துப்பாக்கியின் விலையைத் தோட்டாவாகச் சுட்டுத் தள்ளியிருப்பார். பைக் விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, பெட்ரோல் பங்க்கில் நின்று முழிக்கிற கதை இது.

ஆனால், நிஜத்தில் யாரும் .308-ல் வருஷத்துக்கு 5,000 சுடுவதில்லை. பர்ஸ் தாங்காது, தோளும் தாங்காது. என்ன நடக்கும்? சீசனுக்கு முந்தின வாரம் ரேஞ்சுக்குப் போய் ஒரு டப்பா, அதாவது 20 தோட்டா, சுட்டுப் பார்ப்பார்கள். ‘ஓகே, சரியாத்தான் இருக்கு’ என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் அந்த வருஷத்துப் பயிற்சி.

இதில் உதை வேறு இருக்கிறது. .308 சுட்டால் தோளில் நன்றாகவே இடிக்கும். புதியவர்களுக்கு நாலு தடவை இடி விழுந்தால் போதும், ஐந்தாவது தடவை விசையை இழுப்பதற்கு முன்பே உடம்பு தானாக இறுகிவிடும், கண் மூடிக்கொள்ளும், குழல் ஒரு பக்கம் நகரும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுபடுவது லேசில்லை. .22-ல் உதை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. மூச்சு, விரல், பார்வை மூன்றையும் பதற்றமில்லாமல் பழகலாம். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியே இந்த .22 எல்.ஆரில்தான் நடக்கிறது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதில்தான். ‘குழந்தைங்க சுடுற துப்பாக்கி’ என்று கிண்டல் செய்பவர்கள் அந்த வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. .22 மெதுவாகப் போகும் லேசான குண்டு என்பதால் காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால், 100 கெஜ தூரத்தில் 4, 5 அங்குலம் விலகிப்போகும். அதே காற்றில் .308 ஒரு அங்குலம்கூட நகராது. பெரிய தோட்டாவில் 300, 400 கெஜத்துக்குப் போனால்தான் கிடைக்கும் காற்றுப் பாடத்தை, .22 நூறு கெஜத்திலேயே எடுத்துவிடுகிறது. அதுவும் 8 சென்ட் ஃபீஸில்.

மானுக்கு முன்னால் மிச்சம் பிடிப்பது

அப்படியானால் .22-வையே காட்டுக்கும் கொண்டுபோனால் என்ன? அணில், முயலுக்குச் சரி. அமெரிக்காவில் அவற்றை .22-வில் வேட்டையாடுவது பழைய வழக்கம். மானுக்குக் கூடாது. டெக்சாஸ் மாதிரி தாராளமான மாநிலத்தில்கூட மானை .22 எல்.ஆர். போன்ற ரிம்ஃபயர் தோட்டாவால் சுடுவது சட்டவிரோதம்.

காரணம் எளிது. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. சுமார் 8 அங்குல வட்டம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே போதுமான ஆற்றலோடு, உள்ளே போய் விரியும் குண்டு பட்டால் மான் சில நொடிகளில் விழும். ஆற்றல் போதாவிட்டாலோ, குறி வயிற்றுப் பக்கம் தவறினாலோ, அது ஓடிப்போய் எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்காகக் கிடந்து சாகும். சுட்டவருக்கு இறைச்சியும் இல்லை. ரத்தத் தடத்தைத் தேடி இரவு முழுக்க டார்ச்சோடு அலைவதுதான் மிச்சம்.

இதனால்தான் சில மாநிலங்கள் எண்களைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் வேண்டும். குண்டு குறைந்தது 70 கிரெயின் எடை இருக்க வேண்டும். விரியும் ரகமாக இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1,000 ஃபுட்-பவுண்டு, அதாவது சுமார் 1,356 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். வர்ஜீனியாவில் .23-க்குக் கீழே உள்ள ரைஃபிள் மானுக்குக் கிடையாது. ஆக, இரண்டு மாநிலத்திலும் .223 அவுட்.

வேறு பல மாநிலங்களில் .223 சட்டப்படி செல்லும். ‘கனமான, நல்ல குண்டு போட்டா .223 தாராளமாப் போதும்’ என்று வாதிடும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால், அது அனுபவசாலிகளுக்கான உண்மை. மான் சரியாகப் பக்கவாட்டில் திரும்பும்வரை பத்து நிமிஷம் காத்திருந்து, திரும்பாவிட்டால் சுடாமல் வீடு திரும்பத் தெரிந்தவர்களுக்கு அது போதும். கை நடுங்கும் முதல் வேட்டைக்காரருக்கு அந்த விளிம்பில் நிற்கச் சொல்வது நல்ல யோசனை அல்ல.

மலிவு தேடும்போது விழும் இன்னொரு குழி, எஃப்எம்ஜே எனப்படும் முழு உலோக உறைக் குண்டு. ரேஞ்சில் எல்லோரும் சுடுவது இதைத்தான், விலை குறைவு என்பதால். இது உடலுக்குள் விரியாது. ஊசி போல ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம். மான் ஓடிவிடும். பல மாநிலங்களில் பெரிய விலங்குகளுக்கு இது தடை. டப்பாவில் காலிபர் எண் ஒன்றாகவே இருப்பதால் புதியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மான் மீது சுடுவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஸ்கோப்பைச் சரிசெய்ய, சீசனுக்கு முன் உதைக்குப் பழக, எல்லாம் சேர்த்து 60 தோட்டா என்று வைத்தாலும், 2 டாலர் விலையில் 120 டாலர்தான். .22 பயிற்சிச் செலவு 400-ஐயும் சேர்த்தால் 520. ஒரே .308-ல் எல்லாம் பழகியிருந்தால் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு. வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே வைத்து ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் முக்கியம். மலிவு ரகத்தில் சரிசெய்துவிட்டு நல்ல ரகத்தைப் போட்டால், குண்டு வேறு இடத்தில் போய் விழும்.

சரி, அப்போ மானுக்கு எது?

மான் மட்டும்தான் என்றால் .243 வின்செஸ்டர். 1955-ல் வந்தது. .308-ன் உறையையே கழுத்தில் சுருக்கிச் செய்தது. உதை கிட்டத்தட்ட பாதி. கொலராடோ, வர்ஜீனியா மாதிரி மாநிலங்களின் வரம்பையும் தாண்டிவிடும். ஒல்லியானவர்களும் பதின்வயதினரும் பயமில்லாமல் சுடலாம். நாளைக்கு எல்க் மாதிரி பெரிய விலங்குக்கும் போகும் எண்ணம் இருந்தால் .308. 1952-ல் வந்தது, ராணுவத்தின் 7.62×51-க்கு நெருங்கிய சொந்தம். சின்ன ஊர்க் கடையின் அலமாரியில்கூட இது இருக்கும்.

‘ஏன் 6.5 கிரீட்மூர் இல்லை?’ என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். 2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த அருமையான தோட்டா அது. காற்றில் குறைவாக விலகும், .308-ஐவிட உதையும் குறைவு. அதன் பலம் எல்லாம் 500 கெஜத்துக்கு மேல்தான் துலங்கும். கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காட்டில் மான் தெரிவதே பெரும்பாலும் 100 கெஜத்துக்குள். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு 3 கிலோமீட்டர் போக ரேஸ் பைக் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதை ‘பட்ஜெட்’ என்று சொல்லக் கூடாது.

துப்பாக்கி நிறுவனங்களும் இப்போது செல்போன் நிறுவனங்கள் மாதிரிதான். 2018-ல் 6.5 பிஆர்சி, 2019-ல் .350 லெஜண்ட், 2021-ல் 6.8 வெஸ்டர்ன், 2022-ல் 7எம்எம் பிஆர்சி. இதில் .350 லெஜண்ட் மட்டும் உருப்படியான காரணத்தோடு பிறந்தது. ஓஹியோவில் ரைஃபிளால் மான் வேட்டையாட, மேலிருந்து கீழ்வரை கழுத்து சுருங்காத நேரான உறை கொண்ட தோட்டாதான் வேண்டும். .308-ம் .243-ம் அங்கே மானுக்குச் செல்லாது. அந்த மாதிரி மாநிலங்களுக்காகவே செய்யப்பட்ட இது உதையும் குறைவு, விலையும் அதிகமில்லை. மற்றதெல்லாம் அடுத்த மாடல் வரும்வரை ஓடும் ஆசைதான். ‘எந்த காலிபர்’ என்று முடிவெடுப்பதற்கு முன் மாநில வனத்துறையின் வேட்டை விதிப் புத்தகத்தைத் திறப்பதுதான் முதல் வேலை. அது இலவசம்.

.22 யோசனையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு புதுக் கட்டுப்பாடுகள் வரும் என்று பயந்து மக்கள் வாங்கிக் குவித்ததில், 2013 முழுக்க .22 தோட்டா கண்ணில் படவில்லை. கொரோனா காலத்திலும் அதே கதை. கிடைக்கும்போது நாலு டப்பா கூடுதலாக வாங்கி வைக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுத் தடை. காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தால் செத்ததன் விளைவு. ஈயமில்லாத .22 பல மடங்கு விலை. அணில் வேட்டைக்காரர்களின் கணக்கு அங்கே வேறு.

‘சின்னத் தோட்டாதானே’ என்ற அலட்சியமும் ஆபத்து. .22 குண்டு ஒன்றரை மைல் வரைகூடப் போகும் என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக் கூடாது.

பட்ஜெட் போடும் பலரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: பூட்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டும் பெட்டி இல்லாமல் ரைஃபிள் வாங்குவது மலிவு அல்ல, மடத்தனம். காசு பத்தாவிட்டால் ஸ்கோப்பில் குறைத்துக்கொள்ளலாம், பெட்டியில் கூடாது. அடுத்தது காது. .308 போன்றவற்றின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். பாதுகாப்பு இல்லாமல் ஒரே வெடியில்கூடக் கேட்கும் திறன் பாதிக்கப்படலாம்.

டல்லாஸில் இருக்கும் நம்ம ஊர்க்காரருக்கு

வீக்எண்டில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய், துப்பாக்கியோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அங்குள்ள ஐடி வட்டாரத்தில் சகஜம். பலருக்கும் தெரியாத விஷயம்: ஹெச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் அடங்கும். விதிவிலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் செல்லும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவே வாழ்க்கையாக இருக்கும் இடத்தில், ஒரு போட்டோவுக்காக இதில் விளையாட வேண்டியதில்லை. உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஊரில் இருப்பவர்களுக்கோ தேர்வு சுலபம். வேட்டை என்ற பாதிக் கேள்வியே இங்கே கிடையாது. .177 காலிபரில், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டி அந்த .177-ல்தான். குண்டு ஒன்றுக்குச் சில்லறைக் காசு.

அமெரிக்காவிலிருந்து லீவுக்குக் கிளம்புபவர்கள் ஒன்று செய்யலாம். ரேஞ்சுக்குக் கொண்டுபோன அதே பேக்பேக்கில்தான் ஊருக்குத் துணி அடுக்குகிறார்கள் என்றால், சைடு ஜிப், உள் ஜிப் எல்லாவற்றையும் திறந்து கட்டிலில் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிடட்டும். சுண்டுவிரல் நுனி அளவுள்ள அந்த 8 சென்ட் தோட்டா ஒன்று மூலையில் மாட்டியிருந்தால், சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது ஆயுதச் சட்ட வழக்கு.